மலையகத்தார்

தமிழ்நாட்டில் ‘வடக்கத்தியான்’ என்றால் வட இந்தியர். யாழ்ப்பாணத்திலோ, கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழரை அதே சொல்லால் சுட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் திருச்சியும் சேலமும் வடக்கு. மலைத்தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பிறர் சூட்டிய பெயர்களில் இதுவாவது திசையோடு நின்றது. ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ ஆகிய இரண்டும் வசவுகள். வெள்ளைக்காரத் துரைமாரின் தேவைக்காகக் கங்காணிகள் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்தவர்களைக் கள்ளத்தோணி என்றது பெரிய அநியாயம்.

1820களில் காப்பித் தோட்டங்களோடு இந்த வரலாறு தொடங்கியது. தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் பலர் வழியிலேயே காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானார்கள். 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இலைநோய் காப்பியை அழித்த பிறகு மலை முழுக்கத் தேயிலையானது. காப்பியைப் போல் பருவத்துக்கு மட்டும் ஆள் தேடும் பயிர் அல்ல அது. ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். வந்தவர்கள் லயங்கள் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளிலேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். அங்கே ஒரு நாள் வேலையைக் கணக்கிடும் சொல்லே ‘பேர்’. கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. முழுப்பேர் வாங்க ஒரு பெண் நாள் முழுதும் கூடை சுமக்க வேண்டியிருந்தது.

1911 குடிசன மதிப்பீடு தமிழரை ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டாகப் பிரித்து எண்ணியது. இரண்டாவது பெயரை மக்களே முதலில் பலமாகக் கருதினார்கள். 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1947 தேர்தலில் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே அந்த அடைமொழி அவர்களுக்கு எதிராகத் திரும்பிற்று. 1948 குடியுரிமைச் சட்டம் தந்தை வழியில் இலங்கைப் பிறப்புக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவர் பலரிடம் அப்படி ஒரு தாளே இல்லை. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவரானார்கள்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை அரசு ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. அவர்களில் பலர் அதற்குமுன் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அக்கம்பக்கத்தார் அவர்களைச் ‘சிலோன்காரங்க’ என்றார்கள். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர்: எந்தக் கரையில் நின்றாலும் மறுகரையின் பெயர்தான்.

இந்த நெருக்கடிக்குள்தான் ‘மலையகம்’ வேர்பிடித்தது. அதற்கு முன்னே ‘மலைநாடு’ என்ற சொல் புழங்கியது, சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல் நூலின் பெயரே ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. 1960களில் படித்து வந்த ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ‘மலையகம்’ என்பதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். ‘அகம்’ என்றால் வீடு, உள்ளிடம். எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லாமல் எங்கே வாழ்கிறோம் என்பதைச் சொன்ன பெயர் அது. 1989இல் பெரியசாமி சந்திரசேகரன் தாம் தொடங்கிய கட்சிக்கு மலையக மக்கள் முன்னணி என்றே பெயர் வைத்தார். வசவைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு எளிய விஷயமல்ல.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தந்தது. 2023இல், வருகையின் 200ஆவது ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

இன்று மலையகத்தார் எல்லாரும் மலையில் இல்லை. களுத்துறையின் ரப்பர் தோட்டங்களிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குத் தப்பி வன்னிக்குப் போன குடும்பங்கள் கிளிநொச்சிச் சமவெளியில் காடு வெட்டிக் குடியேறின. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளைச் சுற்றித் தேயிலையும் இல்லை, மலையும் இல்லை. ஊர் கேட்டால் கிளிநொச்சி என்கிறார்கள்; தாத்தா யார் என்று கேட்டால் மலையகத்தார் என்கிறார்கள்.