லயத்து வீட்டுக்கும் வாடகை உண்டு

ஈப்போவில் மாதம் 600 ரிங்கிட் வாடகையில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சாவி கைக்கு வர 600 ரிங்கிட் போதாது. மலேசியாவில் வழக்கமாகிவிட்ட கணக்குப்படி இரண்டு மாத வாடகை டிபாசிட், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து அரை மாத டிபாசிட், அதற்கு மேல் முதல் மாத வாடகை என்று மொத்தம் 2,100 ரிங்கிட் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். ஒப்பந்த முத்திரைக் கட்டணமும், சாமான் ஏற்றி வரும் லாரிக் கூலியும், அடுப்பும் பாயும் வாங்கும் செலவும் தனி. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் கதவு திறக்காது. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டத்துப் பின்னணி கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இந்த இடத்தில் தடுமாறும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக வந்து நிற்கிறது: நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது, வரவு செலவு பார்க்கத் தெரியாது. இந்த விளக்கம் தவறு என்பதே என் வாதம். மூன்று நான்கு தலைமுறைகள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் குடியிருந்த காலமெல்லாம் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வாடகை கண்ணில் படாதபடி கூலிக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணில் படாத வாடகைக்கு ரசீதும் இல்லை, உரிமையும் இல்லை.

பேராக்கின் ரப்பர் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. அங்கே 1877இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட கன்றுகள் சோதனை அளவில்தான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் விலை ஏறியதும் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரங்களில் காடுகள் அழிந்து பால்மரக் காடுகள் எழுந்தன. ஆள் வேண்டும், அதுவும் விடியுமுன் வேண்டும். பால் அதிகாலையில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் வடிவது குறையும். இருட்டோடு பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) வந்து பேர் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போக வேண்டிய ஆளை ஐந்து மைல் தொலைவில் குடிவைக்க முடியாது. ஆகவே லயம் என்பது தோட்டத்துக்குத் தேவையான தளவாடங்களில் ஒன்று. பால் பிடிக்கும் மங்கும் வாளியும் போல அதுவும் உற்பத்திச் செலவில் சேர்ந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வீடு, தண்ணீர், மருத்துவம், போதிய பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பள்ளி ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பாக எழுதிவைத்தது. இதை வெறும் கருணையாகப் பார்ப்பவர்கள் அதே காலத்தில் கூலி எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1920களின் இறுதியில் பல வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலையான கூலி வகுக்கப்பட்டது. ஒரு கூலியாளின் அரிசி, பருப்பு, மிளகாய், துணி போன்ற செலவுகளைக் கூட்டிப் பார்த்துப் போட்ட கணக்கு அது. வீடுதான் கொடுத்தாயிற்றே, அதனால் வாடகை என்ற இனத்துக்கு அந்தக் கணக்கில் வேலை இல்லை. வீட்டுச் செலவைக் கழித்த பின் மிஞ்சியதைத்தான் கூலி என்று கொடுத்தார்கள். அப்படியானால் அந்த வீட்டை இலவசம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வாடகை கொடுக்கப்பட்டது, ஆனால் உரிமை வரவில்லை என்பதை 1930ஆம் ஆண்டின் பொருளாதார மந்தம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. ரப்பர் விலை சரிந்ததும் கூலி 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. வேலை போனவர்கள் வீட்டில் இருந்துகொண்டு வேறு வேலை தேடும் வழி இல்லை. வேலை போன அன்றே வீடும் போயிற்று. அந்தச் சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நகரத்தில் மாத வாடகை கொடுத்துக் குடியிருந்த ஒரு தையற்காரரோ கடைச் சிப்பந்தியோ வேலை போன பின்பும் வீட்டுக்காரரிடம் தவணை கேட்கலாம், பாதி வாடகை கொடுக்கலாம், இன்னொரு குடும்பத்தோடு அறையைப் பங்கு போடலாம். லயத்து ஆளுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தபோதும் இதே கதைதான். சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி கட்டினார்கள். எந்த வீட்டில் யார் இருப்பது, எத்தனை மணிக்கு வெளியே போவது என்பதை அங்கே வசித்தவர்கள் தீர்மானிக்கவில்லை.

குடும்பத்தின் மாதக் கணக்குக்குள் இந்த ஏற்பாடு என்ன செய்தது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். லயத்தில் விறகு காசு கொடுத்து வாங்கியதில்லை. வெட்டி வீழ்த்திய பழைய பால்மரம் இருந்தது. பின்புறத்தில் கீரையும் முருங்கையும் வெண்டையும் இருந்தன. பல குடும்பங்கள் மாடும் ஆடும் கோழியும் வளர்த்தன. பால் விற்ற காசு பள்ளிச் செலவுக்கு ஆயிற்று. அவசரத்துக்கு ஒரு கன்றை விற்கலாம். தண்ணீர் பொதுக் குழாயில் வந்தது. மின்சாரம் வந்த தோட்டங்களிலும் நெடுங்காலம் அது தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் மாலை நேரத்துக்கு மட்டுந்தான். கடைக் கணக்கு நோட்டில் ஏறியது, சம்பளத்தன்று தீர்ந்தது. இதில் எதற்கும் அந்தக் குடும்பத்தின் பேரில் ஒரு பில் வந்ததில்லை. அடுக்குமாடிக்குக் குடிபோன மறு மாதமே இத்தனையும் ரொக்கச் செலவாகத் திரும்பி நின்றன: எரிவாயுத் தோம்பு, தெனாகா நேஷனல் பில், பேராக் தண்ணீர் வாரியத்தின் பில், கடையில் வாங்கும் பாலும் கீரையும், வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய். மாடு நான்காவது மாடிக்கு வராது. வருமானம் சற்றுக் கூடியிருந்தாலும் ரொக்கச் செலவு அதைவிட வேகமாகக் கூடியது. இதைப் பார்த்துச் செலவாளிகள் என்று பேர் வைத்தவர்கள், அதுவரை கணக்கில் ஏறாத வரவு ஒன்று பறிபோனதைக் கவனிக்கவில்லை.

சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பேராக்கிலிருந்தே பதில் இருக்கிறது. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய பத்திரிகைகள் பேசிய அந்த அலையில் வேலையும் லயமும் ஒன்றாகப் பறிபோயின. சுங்கை சிப்புட்டில் பிறந்து, அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 100 வெள்ளி (அன்றைய நாணயம்); மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாள்கூலிக்குப் பால்மரம் சீவியவர்கள் அந்தப் பத்து வெள்ளியை மாதந்தோறும் கொடுத்தார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்களையே வாங்கினார்கள். கள்ளுக்கடையும் கல்யாணச் செலவும் சில குடும்பங்களைக் கடனில் தள்ளின என்பது உண்மை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சேமிப்பு எதற்கு என்பது கண்ணுக்குத் தெரிந்தபோது, அதைப் போட்டுவைக்க நம்பகமான ஓர் அமைப்பு இருந்தபோது, அதே மக்கள் சேமித்தார்கள். லயத்துக்குள் சீட்டு நடந்தது; பெண்கள் கழுத்தில் கிடந்த நகையும் சேமிப்புதான். வீட்டுக்கென்று தனியாகச் சேர்க்காததற்குக் காரணம் எளியது. வீடு வேலையோடு வந்தது. வேலை அப்பாவுக்குப் பின் மகனுக்கு வந்தது. தேவை கண்ணில் படாத ஒன்றுக்கு எந்தச் சமூகமும் பணம் ஒதுக்காது.

தேவை வெளிப்பட்ட நேரம் மிகக் கடினமான நேரம். 1980 முதல் 2000 வரையிலான இருபது ஆண்டுகளில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியதில் நாடு முழுவதும் இடம்பெயர்ந்த இந்தியத் தொழிலாளர் குடும்பத்தினர் சுமார் 3 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் கணக்கு. அவர்கள் கையில் என்ன இருந்தது? 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகள்படி ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் நட்டஈடு. இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம். நாள்கூலி 12 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 4,800 ரிங்கிட். அந்தக் காலத்து மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட். நட்டஈடு முழுவதும் கொடுத்தாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தத் தொகையிலும் கடைக் கடன், பிள்ளைகள் படிப்பு, வேலை கிடைக்கும்வரை சாப்பாடு என்று பங்கு கேட்பவை முன்னால் நிற்கும். ஊழியர் சேமநிதியும் குறைந்த கூலியின் சதவீதந்தான். கூலி சிறிது என்றால் அதுவும் சிறிது. ஆகவே பலர் டிபாசிட் கேட்காத இடங்களுக்குப் போனார்கள்: இரயில்பாதை ஓரம், ஆற்றோரம், புறம்போக்கு நிலத்துப் பலகை வீடு. இன்னும் சிலர் ஈப்போவின் புந்தோங், சிலிபின் பகுதிகளில் உறவினர் வீட்டின் பின்னறையில் ஒண்டினார்கள். ஒருவர் எங்கே குடியேறினார் என்பதை அவர் ரசனையைவிட நுழைவுச் செலவே தீர்மானித்தது.

இதே நகரத்தில் வாடகைக்காரர் என்ற தகுதி எவ்வளவு பெறுமதி உள்ளது என்பதற்கு ஒரு சான்று ஈப்போவின் பழைய கடைவீடுகளில் இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு வாடகை உயர்விலிருந்தும் வெளியேற்றத்திலிருந்தும் பாதுகாப்புக் கொடுத்தது. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 2000 தொடக்கத்தில் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. அதுவரை ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கடைவீட்டின் மாடியறையில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் அந்த மிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தன, தொழில் வைத்தன. அந்தக் கடைவீடுகளுக்கு இணையான வயதுள்ள லயங்கள் பேராக் முழுக்க இருந்தன. ஆனால் லயத்து ஆள் சட்டத்தின் கண்ணில் வாடகைக்காரர் அல்லர். வேலையின் பொருட்டுத் தங்க அனுமதிக்கப்பட்டவர். மாதாமாதம் ரொக்கமாக ஐந்து வெள்ளி கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் அவருக்கு ஒரு வழக்காவது இருந்திருக்கும். கூலியிலிருந்து கழிந்து போனதற்கு எந்த நீதிமன்றத்தில் கணக்குக் காட்டுவது?

லயத்து வாழ்க்கையை அறிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பை எழுப்புவார்கள். அது மரியாதையோடு கேட்க வேண்டிய மறுப்பு. லயத்தில் கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, திருவிழா இருந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது, சாவுக்கும் வாழ்வுக்கும் ஓடிவர நாலு பேர் இருந்தார்கள். மாடிவீட்டில் பக்கத்துக் கதவுக்காரர் பேர்கூடத் தெரியாது. மேலும் 1966இலும் 1990இலும் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டங்கள் லயங்களைத் திருத்தின, தண்ணீரும் மின்சாரமும் கட்டாயமாயின. இவை அனைத்தும் உண்மை. ஆனால் அந்தக் கோயிலையும் பள்ளியையும் உயிரோடு வைத்திருந்தவர்கள் தொழிலாளர்கள். நிலம் மட்டும் அவர்களுடையது அல்ல. அதனால்தான் தோட்டம் விற்கப்பட்டபோது கோயிலும் பள்ளியும்கூட இடம் தேடி அலைந்தன. சட்டங்கள் வீட்டின் தரத்தை உயர்த்தின. வீடு வேலையோடு கட்டுண்டிருந்ததை அவை தொடவில்லை. நல்ல வீட்டிலிருந்து வெளியேறுவதும் வெளியேறுவதுதான்.

இன்றைய இளைஞர் லயத்தைப் பார்த்ததே இல்லையே, இன்னும் எத்தனை நாள் பழைய கதை பேசுவது என்பது அடுத்த மறுப்பு. டிபாசிட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். முதல் வேலைக்குப் போகும் 22 வயதுப் பிள்ளையிடம் 2,100 ரிங்கிட் பெரும்பாலும் இருக்காது; எந்த இனத்திலும் அதைக் கொடுப்பது பெற்றோர். தாத்தா காலத்தில் ஒரு வீடோ நிலமோ சேர்ந்திருந்த குடும்பத்தில் அந்தப் பணம் புரட்டக்கூடியது. தாத்தா அறுபது ஆண்டு கண்ணுக்குத் தெரியாத வாடகை கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிய குடும்பத்தில், அதே தொகை வட்டிக்காரரிடம் போய் நிற்க வைக்கும். இந்த வேறுபாட்டுக்கு வரவு செலவு வகுப்பு மட்டும் மருந்தாகாது. வகுப்பு நல்லதுதான், மூன்று மாத வாடகைக்கும் கூடுதலான தொகையை வீடு தேடத் தொடங்குமுன்பே தனியாக ஒதுக்க வேண்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் வாடகையைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முன்னே போட வேண்டிய தொகையைக் குறைப்பதும் அதைப் பாதுகாப்பதும் அரசும் சமூகமும் செய்ய வேண்டிய வேலை.

அதற்கான வழிகள் புதியவை அல்ல. மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 ரிங்கிட் என்று வைத்திருப்பது, வாடகையையும் அதோடு நுழைவுச் செலவையும் குறைத்தால் ஏழைக் குடும்பம் காலூன்றும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். தனியார் வீடுகளுக்கோ வாடகைக் குடியிருப்புக்கான தனிச் சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சளவில் நிற்கிறது. டிபாசிட்டை வீட்டுக்காரர் கையில் விடாமல் பொது அமைப்பு ஒன்றிடம் வைப்பதும், அதைத் தவணையில் கட்ட அனுமதிப்பதும் அதில் இடம்பெற வேண்டும். 1960இல் தொடங்கி மாதம் பத்து வெள்ளியில் தோட்டங்களை வாங்கிய கூட்டுறவு மரபு நம்மிடம் இருக்கிறது; வாடகை டிபாசிட்டுக்கு வட்டியில்லாக் கைமாற்று கொடுக்கும் நிதியை அதே முறையில் கோயில்களும் சங்கங்களும் திரட்ட முடியும். குடியிருப்பவரும் தன் பங்கைச் செய்ய வேண்டும்: ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், முத்திரை குத்தச் சொல்லுங்கள், ஒவ்வொரு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. லயத்தில் நான்கு தலைமுறை உழைத்தும் நம் முன்னோருக்குக் கிடைக்காத தகுதி அது. டிபாசிட் கொடுப்பது பாரமாக இருக்கலாம். ஆனால் அந்தக் காசு இப்போது நம் பேரில் எழுதப்படுகிறது, திரும்பக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும் விலையில் வைப்பதுதான் லயத்து வாடகைக்கு நாம் இன்று செலுத்தக்கூடிய நட்டஈடு.