பதிவு செய்தவன் பெயரும் பாடியவன் பெயரும்

2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளியானது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. வள்ளூர் அனல்மின் நிலையமும் சாம்பல் படிந்த எண்ணூர் கழிமுகமும் அதில் காட்சியாயின. நல்ல பாட்டுதான். ஆனால் எண்ணூரின் துயரம் ஊர் காதில் விழுவதற்குக் கர்நாடக சங்கீத மேடையிலிருந்து ஒருவர் இறங்கி வர வேண்டியிருந்தது. துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் வாழும் அதே வடசென்னையில், சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவை அதுவரை எத்தனை பேர் இசையாக மதித்தார்கள்?

அடுத்த ஆண்டு, 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த 19 பேர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற பெயரில் மேடை ஏறினார்கள். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. பறையும் சட்டியும் கட்ட மோளமும் கிட்டாருக்குப் பக்கத்தில், ஒரே மைக் வரிசையில் நின்றன. இட ஒதுக்கீடு பாட்டானது, மாட்டுக்கறி பாட்டானது. இராயபுரத்து இசைவாணி ஆண்களின் கோட்டையான கானாவில் பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

தோழர்களே, இதை அமெரிக்காவோடு வைத்துப் பாருங்கள். இன்று 'அமெரிக்கானா' என்று விற்கப்படும் இசையின் அடையாளமான பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கருவி. 1920இல் மேமி ஸ்மித்தின் 'கிரேசி ப்ளூஸ்' இசைத்தட்டு பெருவாரியாக விற்றதும், கறுப்பர்களிடமும் காசு இருக்கிறது என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தது. உடனே கறுப்பருக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' என்று இரண்டு பட்டியல் போட்டார்கள். பல நேரம் இரு பட்டியலிலும் ஒரே மெட்டுகள்தான். சேரி, ஊர் என்று பிரித்துப் பழகிய நமக்கு இதில் வியப்பென்ன! அந்த ஹில்பில்லி பட்டியல்தான் பிறகு கன்ட்ரி ஆனது. பாஞ்சோ வெள்ளையரின் கருவி என்றே பலரும் நம்பினார்கள்.

அதனால்தான் பதிவும் உரிமையும் யார் கையில் என்று கேட்கிறோம். கலெக்டிவில் பாடிய அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து எடுத்து எழுதியது 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி வெளிவந்து உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் கண்டித்துக் கேட்ட பிறகே அவருக்குத் தனி இணைய அட்டை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை.

1907இல் அயோத்திதாசர் பிறர் இதழில் இடம் கேட்டு நிற்காமல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அதற்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தத் தொடங்கியிருந்தார். இன்று ஒரு லேப்டாப்பும் மைக்கும் இருந்தால் எண்ணூர்க் குடியிருப்பிலேயே பாட்டைப் பதியலாம். பதிந்ததும் இணையத்தில் ஏற்றும் முன், எழுதியவர், மெட்டுப் போட்டவர், சட்டி அடித்தவர் என ஒவ்வொருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.