அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள் 1896-இல் திருநெல்வேலியில் பிறந்தார்கள். 1962, 1967, 1971 தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவை சென்றார்கள். ஆயினும், ஜமாஅத்தார் சிறப்பாக அறிய வேண்டியது 1948 நவம்பர் 23-ஆம் நாளையே. அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய வரைவு 35-ஆம் பிரிவு விவாதத்திற்கு வந்தது. தனியார் சட்டமுடைய எச்சமூகமும் அதனைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது எனத் திருத்தம் முன்மொழிந்தார்கள். அதில் ‘முஸ்லிம்’ என்ற சொல்லே இல்லை. எல்லாச் சமூகத்தாருக்குமாகவே கேட்டார்கள். திருத்தம் தோற்றது, அப்பிரிவே பின்னர் 44-ஆம் பிரிவாயிற்று. 1949 செப்டம்பரில் நடந்த ஆட்சிமொழி விவாதத்திலோ, தொன்மையே அளவுகோலாயின் தமிழுக்கே அத்தகுதி உண்டென வாதாடினார்கள். அதனையும் அவை ஏற்கவில்லை. 1972 ஏப்ரலில் மறையும்வரை மக்களவை உறுப்பினராகவே இருந்தார்கள்.