கல்லறையிற் புகுந்த கதிரொளி

மார்கழித் திங்களிற் பகற்பொழுது குறுகுவதை யாழ்ப்பாணத்தார் பெரிதும் உணர்வதில்லை. ஈண்டு ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணித்தியாலம் நீடிக்கும். அயர்லாந்தின் நிலை வேறு. அங்கே டிசெம்பர் 21ஆம் நாளையொட்டிய பகல் ஏறக்குறைய ஏழரை மணித்தியாலமே. அதுவும் பெரும்பாலும் முகில் மூடிய மங்கற் பகல். சேமித்த தானியம் குறைந்துகொண்டிருக்கும் அக்காலத்தில், ஞாயிறு நாடோறும் தெற்கே ஒதுங்குவதைக் கண்ட பண்டை உழவனுக்கு, அது திரும்பி வருமா என்பது வெறும் வானநூல் வினாவன்று.

அவ்வுழவர் எழுப்பிய கட்டடமொன்று மீத் பகுதியிலே, பொயின் ஆற்றின் வடகரையில், இன்றும் நிற்கின்றது. நியூகிறேஞ்ச் என்பது அதன் பெயர். ஏறக்குறைய 85 மீற்றர் விட்டமுள்ள மேடு. அதனைச் சூழ 97 பெருங்கற்கள். தென்கிழக்கு நோக்கிய வாயில். உள்ளே 19 மீற்றர் நீளமான ஒடுங்கிய வழி. அதன் முடிவிற் சிலுவை வடிவான அறை. கற்களை ஒன்றன்மேலொன்றாக உள்நோக்கி நீட்டி அடுக்கி, 6 மீற்றர் உயரத்துக்கு அவ்வறையின் கூரையை அமைத்துள்ளனர். சாந்தின்றி அமைந்த அக்கூரை ஐயாயிரம் ஆண்டுகளாக நீர் கசியாது நிற்கின்றது. வழியின் கூரைக்கற்களில் மழைநீர் வடிதற்குக் கால்கள் வெட்டி, இடுக்குகளில் எரிந்த மண்ணையும் கடல் மணலையும் அடைத்திருந்தனர். அவ்வடைப்பிற் கிடைத்த பொருளைக் காபன் முறையால் ஆராய்ந்தே கட்டடத்தின் காலம் கி. மு. 3200 அளவினதெனத் துணிந்தனர். எகிப்தின் பெரிய பிரமிட்டுக்கு இஃது ஆறு நூற்றாண்டு மூத்தது.

வாயில் நெடுங்காலம் மண்மூடிக் கிடந்தது. 1699இல் நிலவுடைமையாளர் ஒருவரின் ஆட்கள் தெருப் போடுதற்குக் கல் எடுத்தபோதே அது வெளிப்பட்டது. பழம்பொருளாராய்ச்சி தெருவேலைக்குக் கடன்பட்டிருப்பது அயர்லாந்தில் மட்டுமன்று!

1962இல் கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் மைக்கேல் ஓ கெல்லி அகழ்வைத் தொடங்கினார். ஆண்டில் ஏதோவொரு நாளில் உதயசூரியன் உள்ளறையின் முச்சுருட் கோலத்தில் ஒளி வீசும் என்றொரு செவிவழிச் செய்தியை அங்கு வந்தோர் சிலர் அவருக்குச் சொல்லினர். எந்த நாள் என்பதை எவரும் அறியார், கண்டவரும் இலர். இங்கிலாந்தின் ஸ்ரோன்ஹெஞ்ச் பற்றிய செய்தியை மக்கள் இதனோடு மயக்கிவிட்டனர் என்றே அவர் முதலிற் கருதினார். கற்றோர் மற்றோர் சொல்லைத் தள்ளுவதற்கு இத்தகைய காரணம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஓ கெல்லியின் பெருமை அவர் அவ்வளவில் நில்லாமையே. ஸ்ரோன்ஹெஞ்ச் நோக்குவது கோடைச் சூரியனை. அச்சூரியன் வடகிழக்கில் எழும். தென்கிழக்கு நோக்கிய நியூகிறேஞ்ச் வாயிலில் அது புகாது. ஆயின், தென்கிழக்கில் எழும் குளிர்காலச் சூரியன் புகலாமன்றோ?

1967 டிசெம்பர் 21ஆம் நாள் வைகறையில் அவர் தனியே உள்ளறையிற் காத்திருந்தார். சூரியன் எழுந்து சில நிமிடங்களில், எழுதுகோல் போன்ற மெல்லிய கதிரொன்று வழிநெடுகப் பாய்ந்து அறையின் தரையைத் தொட்டது. பின்னர் அது 17 சென்ரிமீற்றர் அளவுக்கு விரிந்து, தரையில் மெல்ல நகர்ந்தது. அதன் தெறிப்பொளியிற் பக்க அறைகளும் கூரையும் புலனாயின. 17 நிமிடங்களின் பின் மீண்டும் இருள்.

இதன் அமைப்பு கருதத்தக்கது. வழியின் தரை உட்செல்லச் செல்ல உயர்ந்து, அறையில் வாயிற்படியினும் ஏறக்குறைய இரண்டு மீற்றர் மேலாகின்றது. ஆகவே வாயில் வழியாகப் புகும் ஒளி பாதியிலே தங்கிவிடும். இதற்காகவே வாயிலின் மேற்புறத்தே கல்லாற் சிறு பெட்டிபோன்ற துவாரமொன்றை வைத்துள்ளனர். அறைக்குட் செல்லும் கதிர் அதன் வழியே வருவது. அதனை மூடப் பளிங்குக் கற்கள் இரண்டு இருந்தன. ஒன்று இடத்திலேயே கிடைத்தது. அவற்றைப் பன்முறை இழுத்தும் தள்ளியும் வந்ததால் ஏற்பட்ட கீறல்கள் அடிக்கல்லிற் காணப்பட்டன. புவியச்சின் சாய்வு அன்று சற்று மிகுதி. எனவே அக்காலத்திற் சூரியன் எழும் கணத்திலேயே கதிர் உட்புகுந்திருக்கும் என்பது கணிப்பு.

இதனை வானாராய்ச்சிக் கூடம் என்பார் உளர். அது பொருந்தாது. நாளறிய விரும்பினார்க்கு இரண்டு கோல்களை நட்டாற் போதும். வாயிலோ பெருங்கல்லால் அடைக்கப்படுவது. மேலைத் துவாரமே அவ்வப்போது திறக்கப்பட்டது. உள்ளே கிடைத்தவை ஏறக்குறைய ஐவரின் எச்சங்கள். பெரும்பாலும் எரியூட்டிய எலும்புகள். உயிருள்ளார் வெளியே நிற்க, ஒளி மட்டும் இறந்தாரிடஞ் சென்றது எனக் கொள்வதே தகும். ஆண்டின் இருள்மிக்க நாளில், மீள்வது ஞாயிறு மட்டுமன்று என அவர்கள் நம்பினர் போலும்.

அந்நம்பிக்கை எல்லார்க்கும் உரியதாயிருந்ததா? 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, அறையிற் கிடைத்த ஓர் ஆடவன் மிக நெருங்கிய இரத்த உறவினர்க்குப் பிறந்தவன் எனக் காட்டிற்று. அரச குலங்கள் சிலவற்றில் அத்தகைய மணம் உண்டாதலின், அவனை ஆளுங் குடியினன் என்றனர் ஆய்வாளர். ஒருவன் எலும்பைக்கொண்டு அரசகுலத்தை நிறுவலாகாது என மறுப்பாரும் உளர். எங்ஙனமாயினும், கல் சுமந்த பல நூற்றுவரின் எலும்புகள் அவ்வறையில் இல்லை. பளிங்கு விக்லோ மலைப்பக்கத்திலிருந்து வந்தது. அதனைக் கொணர்ந்தார் பலர்.

இக்காலத்தில் அவ்வைகறைகளில் உள்ளே நிற்பார் சீட்டுக் குலுக்கித் தெரியப்படுகின்றனர். முகில் மறைத்தால் அவர்கள் எதையுங் காணாது திரும்புவர். அந்நாட்டிற் பல ஆண்டுகளில் நிகழ்வது அதுவே. கட்டியவர்க்கும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். அவர்கள் மறுநாட் காலையிலும் துவாரத்தைத் திறந்திருப்பர்.