சமையல் மேடை ஏறிய கற்கள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதி பாறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பல்லாவரத்தில் தோண்டினாலும் பாறை, கிருஷ்ணகிரியில் தோண்டினாலும் பாறை, மேலூரில் தோண்டாமலே பாறை. அதைக் குடைந்து கோயில் எடுத்தார்கள், செதுக்கித் தூண் நிறுத்தினார்கள், கொத்தி அம்மியும் ஆட்டுக்கல்லும் செய்தார்கள். இருந்தும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் வீடுகளில் சமையல் மேடை என்ற ஒன்று எழும்பியபோது, அதன்மேல் பெரும்பாலும் போய்ப் படுத்தது உள்ளூர்க் கல் அல்ல. ஆந்திரத்துக் கடப்பா பக்கத்திலிருந்து வந்த கருப்புச் சுண்ணாம்புக்கல். காலடியில் இத்தனை பாறையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து எதற்குக் கல் வரவழைக்க வேண்டும்?

இதற்கான விடை கல்லின் அழகில் இல்லை, அது பிளக்கும் விதத்தில் இருக்கிறது.

மேடைக்கு முந்தைய அடுக்களையில் எல்லா வேலையும் தரையில்தான் நடந்தது. அடுப்பு தரையில், அரிவாள்மணை தரையில், அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் திருகையும் தரையில். சமைப்பவர் குந்தியோ மணை போட்டோ உட்கார்ந்து சமைத்தார். அங்கே இருந்த கல்லெல்லாம் பக்கத்து மலையிலிருந்து வந்த கருங்கல். அந்தக் கல்லுக்குச் சொரசொரப்புதான் உயிர். அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட அம்மியில் மிளகாய் நைவதில்லை. அதனால்தான் உளியும் சுத்தியுமாக ஒருவர் தெருத்தெருவாக “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று கூவிக்கொண்டு வருவார். வாசலில் உட்கார்ந்து, கல்லின் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார். அதன்பின் அரைக்கும் முதல் ஓரிரு அரைப்பைக் கல்பொடி இருக்கும் என்று கொட்டிவிடுவார்கள். சொரசொரப்பான கல்லுக்கு அந்த உளி போதும். இரண்டு விரற்கடைத் தடிமனில், ஆறடி நீளத்தில், கை வழுக்கும் பலகையாகக் கருங்கல்லை எடுக்க அந்த உளியால் முடியாது.

கருங்கல்லைப் பிளக்கத் தெரியாதவர்கள் அல்ல நம் கல்தச்சர்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக ஆப்புக்குழி வெட்டிப் பாதியில் விட்ட இடங்களை இன்றும் பார்க்கலாம். குழிகளில் ஆப்பு இறக்கி அடித்தால் அந்த வரிசையிலேயே பாறை வாய் பிளக்கும். ஆனால் பிளந்த முகம் கரடுமுரடாக இருக்கும். அதைச் சமப்படுத்தி மெருகேற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. அவ்வளவு உழைப்பைக் கோயிலுக்கும் அரண்மனைக்கும் கல்லறைக்கும்தான் செலவிட்டார்கள். கல்கத்தாவில் 1690களில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை, சென்னைப் பக்கத்துப் பாறையிலிருந்து போனது. அந்தக் கல் வகையை 1893-இல் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் நினைவாகவே அதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். பல்லாவரம் மலையில் இருப்பதும் அதே கல்தான்.

கடப்பாக் கல்லின் பிறப்பு வேறு. பூமியில் மீனோ மரமோ தோன்றியிராத காலத்தில் கடலடியில் சுண்ணச்சேறு அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது அது. சென்னை மாகாணத்தின் கடப்பா, கர்நூல் பகுதிகளை அளந்து ஆராய்ந்த வில்லியம் கிங்கின் விரிவான அறிக்கையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1872-இல் வெளியிட்டது. ஜம்மலமடுகு பக்கத்து நார்ஜி என்ற ஊரின் பெயரால்தான் அந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்கைப் புவியியல் நூல்கள் இன்றும் குறிக்கின்றன. அடுக்காகப் படிந்ததால் அது அடுக்காகவே கழலும். குவாரியில் படுகையின் ஓரத்தில் உளியை வைத்து அடித்து, கடப்பாரையால் நெம்பினால் போதும், ஏறத்தாழச் சமமான முகத்தோடு பலகை கிளம்பி வரும். இயந்திர ரம்பம் இல்லாத காலத்தில் இதைவிட மலிவான கல்பலகை வேறு எங்கே கிடைக்கும்?

போக்குவரத்தும் கைகொடுத்தது. சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா, தாடிபத்ரி வழியாகப் போகும் ரயில்பாதை 1871-இல் ரெய்ச்சூரை எட்டி, பம்பாயிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. கல் விளையும் ஊர்களின் ஊடாகவே ஓடுகிற பாதை அது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை கடப்பாவும் சென்னையும் ஒரே மாகாணம். தரை, படிக்கட்டு, அலமாரித் தட்டு, ஜன்னல் மேல் நிழல்பலகை, மாட்டுத்தொட்டி, துவைக்கும் கல் என்று இந்தக் கல் நுழையாத இடமே இல்லை. பொதுப்பணித் துறை மதிப்பீடுகளிலும் ‘கடப்பா ஸ்லாப்’ தனி இனமாக உட்கார்ந்துகொண்டது.

அதைச் சமையல் மேடைக்கு ஏற்றியது எரிவாயு. இந்தியன் ஆயில் நிறுவனம் ‘இண்டேன்’ இணைப்பைக் கல்கத்தாவில் தொடங்கியது 1965-இல். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாதுகாப்பு விதி. தரையில் அடுப்பு வைத்த வீட்டில் அதற்கு வழியில்லை. ஆகவே இரண்டு பக்கமும் செங்கல்லால் கால் எழுப்பி, மேலே ஒரு கடப்பாப் பலகையை வைத்தார்கள், கீழே சிலிண்டர் போய் நின்றது. பல வீடுகளில் முதல் சமையல் மேடை இவ்வளவுதான். உட்கார்ந்து சமைத்த பெண்கள் எழுந்து நின்று சமைக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு அடுக்களை வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. 2007-இல் மாநில அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கியதும், அந்தக் கல்பலகை சிறு வீடுகளுக்குள்ளும் போனது.

ஆனால் நம் சமையலுக்கும் கடப்பாக் கல்லுக்கும் ஒரு தீராத பகை உண்டு. அது சுண்ணாம்புக்கல். புளிப்பு பட்டால் கரையும். எலுமிச்சை மூடியை மேடையில் கவிழ்த்து வைத்து மறந்துவிட்டால், எடுத்துப் பார்க்கும்போது அந்த இடத்தில் வட்டமாக வெளிறியிருக்கும். புளிக்கரைசல், மோர், தக்காளிச் சாறு, வினிகர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். இதைக் கறை என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் ஏராளம். அது கறை அல்ல, கல்லின் மேல்தோலையே அமிலம் அரித்துத் தின்ற தடம். தேய்த்தால் போகாது. தண்ணீர் விட்டு நைசான உப்புத்தாளால் சுற்றிலும் இழைத்துத்தான் சமன்செய்ய முடியும். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கும் பழைய வழக்கம் கருமையைக் கொஞ்ச நாளுக்கு மீட்கும், அரிப்பை மாற்றாது. கழிப்பறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் மேடை பொங்கி நுரைக்கும்.

கத்தியும் இதற்கு எதிரிதான். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3-இல் நிற்கிறது, எஃகுக் கத்தி 5-க்கு மேல். மேடையில் வைத்தே காய் நறுக்கினால் கீறல் விழாமல் என்ன செய்யும்? கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. அங்கே மழுங்குவது கத்திதான்.

அந்தக் கருங்கல் மேடைக்கு வந்தது வெளிநாடு போய்த் திரும்பிய வழியில். வைரம் பதித்த ரம்பமும் மெருகு இயந்திரமும் கிடைத்த பிறகு, தென்னிந்தியக் கருப்புக் கல்லுக்கு ஜப்பானில் கல்லறைக் கல்லாக நல்ல கிராக்கி ஏற்பட்டது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல்லின் கருமை அதற்குப் பேர்போனது. வியாபாரத்தில் அதற்குக் ‘கருப்பு கிரானைட்’ என்று பெயர். புவியியல்படி அது டோலரைட், கப்ரோ வகையைச் சேர்ந்தது. கல்லின் மதிப்பு ஏறியதும் அரசு விழித்துக்கொண்டது. 1977-இல் சிறு கனிம விதிகளில் 8-சி என்ற விதியைச் சேர்த்து, கருப்பு கிரானைட் குத்தகை இனித் தனியாருக்குக் கிடையாது, அரசு நிறுவனத்துக்கே என்றது. அடுத்த ஆண்டே ‘டாமின்’ எனப்படும் தமிழ்நாடு கனிம நிறுவனம் உருவானது. தனியார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1981-இல் ‘ஹிந்த் ஸ்டோன்’ வழக்கின் தீர்ப்பு அந்த விதியை உறுதிசெய்தது. கனிமம் யாருடையது என்று பேசும் சட்ட வாதங்களில் இன்றும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து செந்நீல அலையோடும் ‘பாரடைசோ’, மேலூர்ப் பக்கத்திலிருந்து சிவப்புப் புள்ளி தெறித்த வெள்ளைக் கல் என்று ஏற்றுமதிப் பட்டியல் நீண்டது. அந்த வெள்ளைக் கல்லுக்கு உலகச் சந்தையில் ‘காஷ்மீர் வொய்ட்’ என்று பெயர். காஷ்மீருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அறுவை ஆலைகள் பெருகி விலை இறங்க இறங்க, 1990களில் உள்ளூர் வீடுகளும் கிரானைட் வாங்கின. புது வீடு பார்க்க வந்தவரை நேராக அடுக்களைக்கு அழைத்துப்போய் மேடையைக் காட்டுகிற பழக்கமும் அப்போது வந்ததுதான். கூடவே, தரையில் கிடந்த ஆட்டுக்கல்லும் இயந்திர உருவில் மேடை ஏறியது. கோயம்புத்தூரில் 1950களில் பிறந்த வெட் கிரைண்டர் சிறுத்துச் சிறுத்து ‘டேபிள் டாப்’ ஆகிவிட்டது. புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டருக்குள் சுழல்வது ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்.

கிரானைட் என்றால் எதையும் தாங்கும் என்று நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. புளியும் எலுமிச்சையும் அதைக் கரைப்பதில்லை, உண்மை. ஆனால் வெளிர்நிறக் கல் பலவற்றுக்கு நுண்துளை அதிகம், எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். மேலூர் வெள்ளைக் கல்லின் சிவப்புப் புள்ளிகள் கார்னெட், அதாவது இரும்புச்சத்துள்ள மணிகள். ஈரமும் ஆசிட்டும் தொடர்ந்து பட்டால் அவற்றைச் சுற்றித் துருநிறம் கசியும். கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். மெருகிட்ட துண்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால், உறிஞ்சுகிற கல் அந்த இடத்தில் கறுக்கும். அதற்கு சீலர் பூசியாக வேண்டும், சில ஆண்டுகளுக்கொரு முறை திரும்பவும் பூச வேண்டும். எண்ணெய் இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மூடி, ராத்திரி முழுக்க விட்டால் பெரும்பாலும் மேலே இழுத்துவிடும். அட்டக் கருப்பாகப் பளபளக்கும் கல் மலிவாகக் கிடைத்தால், வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோனைத் தொட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல்.

20 மி.மீ. தடிமன் கிரானைட் ஒரு சதுர அடி ஏறத்தாழ 5 கிலோ. எட்டடிக்கு இரண்டடிப் பலகை 80 கிலோ. அதைப் படுக்கவாட்டில் தூக்கினால் தன் பாரத்துக்கே நடுவில் விரிசல் விடலாம், கண்ணாடிப் பலகை போல நிமிர்த்திப் பிடித்துத்தான் படியேற்றுவார்கள். சிங்குக்கு வெட்டிய ஓட்டையின் முன்னும் பின்னும் மிஞ்சும் ஒடுங்கிய பட்டைதான் முதலில் ஒடியும் இடம். அந்த வெட்டின் மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைத்து வெட்டச் சொல்வது நல்லது, விரிசல் கிளம்புவது கூர்மூலையில்தான்.

இந்தக் கல் வந்த ஊர்களில் என்ன ஆனது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012-இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, மேலூர் வட்டாரத்தில் சட்டவிரோத கிரானைட் குவாரிகளால் அரசுக்கு நேர்ந்த இழப்பு ரூ.16,000 கோடிக்கு மேல் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் அவரையே விசாரணைக்கு நியமித்தது, அடுத்த ஆண்டு அவர் அறிக்கை தாக்கல் செய்தார். குன்று இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள் அந்த வட்டாரத்தில் இன்றும் கிடக்கின்றன. தமிழி கல்வெட்டும் சமணர் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் உள்ள அரிட்டாபட்டி மக்கள் தங்கள் மலையை வெட்ட விடாமல் காத்தார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. குன்றுகளில் ஊறும் நீரை நம்பி ஏரி வைத்து விவசாயம் செய்யும் ஊருக்கு, மலை வெறும் பலகைக் கையிருப்பு அல்ல.

மேடையைப் பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டிய மனிதர் இன்னொருவர் இருக்கிறார். சன்னலில்லாத மூலையில் குந்தி, கட்டிங் மெஷினால் ஓரம் அறுத்து மோல்டிங் இழைப்பவர். அறை முழுக்க வெண்புகையாக எழும் அந்தத் தூளில் இருப்பது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ், அதற்கு முழுக் குணம் கிடையாது. இயற்கைக் கல்லைவிடச் சிலிக்கா கூடுதலாக உள்ள செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்தது இந்த நோயால்தான். நம் ஊரில் பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை நடக்கிறது. அளவெடுக்க வரும்போதே இரண்டைக் கேட்டுக்கொள்ளலாம்: வெட்டு வேலையை முடிந்தவரை கடையிலேயே தண்ணீர் விட்டு முடித்துவர வேண்டும், வீட்டில் வெட்டியே தீர வேண்டுமானால் வெட்டவெளியில், பிளேடின் மேல் ஒருவர் விடாமல் தண்ணீர் ஊற்ற, சரியான முகக்கவசத்தோடு வெட்ட வேண்டும். அதற்காக அரை நாள் கூலி கூடுதலாகக் கேட்டால் அதைக் கல்லின் விலையோடு சேர்த்தே கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.