கோடை ஏரியும் பாதிரியாரின் பறவைகளும்

கோடைக்கானல் ஏரியை இயற்கையின் சிருஷ்டியென்றே எண்ணி வியப்போர் இன்றும் பலர் உளர். ஆயினும் 1863ஆம் ஆண்டில், மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு துரை சதுப்புப் பள்ளத்து ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டுவித்ததன் பயனாகவே அது உண்டாயிற்று. பிற்பகல் வேளையில் அதன் கரையோரம் நடப்பவர், முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி எதிர்பாராத வேறோரிடத்தில் தலைநீட்டுவதையும், குளிர்காலமாயின் வடதேசத்திலிருந்து வந்த வாலாட்டி நீர்விளிம்பில் பூச்சி பொறுக்குவதையும் காணலாம்.

எனினும், பட்சி சாஸ்திரத்தில் இம்மலைக்கு நிலையான கீர்த்தியைத் தேடித் தந்தவை நீர்ப்பறவைகளல்ல, சோலைப்பறவைகளே. அமெரிக்க மிஷனரியான சாமுவேல் ஃபேர்பாங்க் பாதிரியார், வேதபோதனைக்கு நடுவே சேகரித்த மாதிரிகளைக் கொண்டு (சுட்டு வீழ்த்திய பின்னரே ஆராய்வது அக்கால சம்பிரதாயம்!), பிளான்போர்டு என்னும் அறிஞர் 1868இல் நீலமேனியும் வெண்வயிறும் உடைய சோலைக்குருவி ஒன்றையும், 1869இல் வெண்புருவமும் செம்பழுப்பு வயிறும் உடைய சிரிப்பான் ஒன்றையும் உலகுக்கு விவரித்தார், பின்னதன் விஞ்ஞான நாமத்தில் பாதிரியாரின் பெயர் இன்றளவும் வழங்குகிறது.

சிரிப்பான் பங்களாத் தோட்டங்களுக்கும் கூசாமல் வரும். நீலக்குருவியோ சோலையின் ஈர நிழலை விட்டு அகலாது. அச்சோலைகளை அடுத்த புல்வெளிகளை வீண்நிலமென்று கருதி யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் நட்டது, என் அபிப்பிராயத்தில், மன்னிக்கத்தகாத பிழை. ஏரியில் படகு விடச் செல்லும் அன்பர்கள், சோலையோரத்திலும் அரைமணி நேரம் மௌனமாய் நின்று பார்ப்பார்களாக.