அடித்த சொற்களின் மேல் எழுந்த உருவங்கள்

1900ஆம் ஆண்டில் இரவீந்திரநாத தாகூர் தம் நண்பரும் அறிவியலாளருமான ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஓவியப் புத்தகமும் கையுமாகத் தாம் அமர்ந்திருக்கும் செய்தியைக் கேலியாகத் தெரிவிக்கிறார். அப்புத்தகத்தில் பென்சிலைவிட அழிப்பானுக்கே வேலை மிகுதி என்பது அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட நகைச்சுவை. அப்போது அவருக்கு வயது 39. அண்ணன் ஜோதிரிந்திரநாத் பென்சிலால் முகங்களைத் தீட்டுவதில் தேர்ந்தவர். சிற்றப்பன் மகனுக்கு மைந்தரான அவனீந்திரநாத் அதற்குள் ஓவியராக அறியப்பட்டுவிட்டார். அத்தகைய குடும்பத்தில், படம் வரைய வராதவர் என்ற நினைப்புடனேயே கவிஞர் அப்புத்தகத்தை மூடிவைத்தார் எனலாம்.

அவருக்கு ஓவியம் வந்தது வேறு வழியில். அதுவும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்த பின்னர். கவிதை எழுதும் குறிப்பேட்டில் அழிப்பானுக்கு இடமில்லை. மையால் எழுதியதை மையால்தான் அடிக்க வேண்டும். தாகூர் எழுதிய வரிகளை ஓயாமல் திருத்தியவர். ஒரு சொல்லை அடிப்பார். இரண்டு வரி தள்ளி இன்னொன்றை அடிப்பார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு முழு அடியையே நீக்குவார். ஆவணம் எழுதுவோர் 'அடித்தல் திருத்தல் இன்றி' என்று பெருமையுடன் குறிப்பதற்கு நேர்மாறான பக்கங்கள் அவை. வங்காளிகள் இத்தகைய அடித்தல்களைக் 'காட்டாகுட்டி' என்பர். பிள்ளைகள் கட்டம் போட்டுச் சுழியும் பெருக்கற்குறியும் இட்டு ஆடும் ஆட்டத்துக்கும் அங்கே அதுவே பெயர்.

சிதறிக் கிடந்த இவ்வடித்தல்களை அவர் கோடுகளால் ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கினார். நீக்கப்பட்ட சொல் ஒன்று அலகாயிற்று. அதற்குக் கீழே நீக்கப்பட்டது கழுத்தாயிற்று. நீண்ட வரி வாலாக வளைந்தது. 1923, 1924ஆம் ஆண்டுகளில் உருவான 'ரக்தகரவி' நாடகத்தின் கையெழுத்துப் படிகளிலும், 'பூரபி' கவிதைகளின் குறிப்பேட்டிலும் இப்பழக்கம் முதிர்ந்த நிலையில் காணப்படுகிறது. தாளத்திலிருந்து வழுவி ஆங்காங்கே நின்ற அக்கீறல்களுக்கு ஒரு கதி அளிக்க வேண்டியிருந்தது என்னும் கருத்தைப் பிற்காலத்தில் தம் படங்களைப் பற்றி எழுதியபோது அவரே தெரிவித்தார். இது கூர்ந்து நோக்கத்தக்கது. கை சும்மா இருக்கையில் தாளின் ஓரத்தில் பூவும் கொடியும் வரைவது ஒருவகைக் கிறுக்கல். தாகூருடையது அவ்வகையன்று. அவர் கை அப்போது சும்மா இல்லை, கவிதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் போலும், அவ்வுருவங்களில் இதம் குறைவு. கொத்தும் அலகுகள், திறந்த தாடைகள், எந்த விலங்கியல் நூலிலும் அடங்காத ஊர்வன ஆகியவையே அங்கு மிகுதி.

அக்குறிப்பேட்டின் அருமையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் வங்காள எழுத்தையே படிக்க அறியாதவர். 1924இல் பெரு நாட்டின் விடுதலைப் போர் நூற்றாண்டு விழாவுக்குக் கடல்வழி சென்ற தாகூர், வழியில் நோயுற்று அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. புவெனஸ் அயர்ஸ் நகரை அடுத்த சான் இசித்ரோவில், ஆற்றை நோக்கிய 'மிராலிரியோ' இல்லத்தில் அவரைத் தங்கவைத்துப் பேணியவர் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ. மேசைமேல் கிடந்த குறிப்பேட்டைப் புரட்டிய ஒகாம்போவுக்குக் கவிதை விளங்கவில்லை. உருவங்கள் மட்டுமே கண்ணில் பட்டன. வியந்து, சில பக்கங்களைப் புகைப்படம் எடுக்க இசைவும் பெற்றார். மொழி அறிந்தோர் திருத்தமாகக் கண்டு கடந்திருக்கக்கூடிய ஒன்றை மொழி அறியாதவர் ஓவியமாகக் கண்டார். 1925இல் நூலாக வெளிவந்த 'பூரபி'யைத் தாகூர் 'விஜயா' என்று தாம் அழைத்த அவருக்கே காணிக்கையாக்கினார்.

1928 அளவில் உருவங்கள் கவிதையை விட்டுப் பிரிந்து தனித்தாளுக்கு வந்தன. பேனா, வண்ண மை, துணித்துண்டு, சில வேளைகளில் விரல் என எது கைக்கு அகப்பட்டதோ அதுவே கருவி. பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு இல்லை. தம் சொற்களுக்கு அத்தனை பாடுபட்டவர் படங்களுக்கு ஒரு சொல்லும் தர மறுத்தார். இறப்பதற்கு முன் அவர் வரைந்தவை 2000க்கும் மேல்.

1930 மே மாதம் பாரிஸ் நகரின் பிகால் காட்சிக்கூடத்தில், ஒகாம்போவின் முயற்சியால் முதல் கண்காட்சி நிகழ்ந்தது. அதே ஆண்டு இலண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் எனப் படங்கள் ஊர் சுற்றின. பாஸ்டன் காட்சிக்கு முன்னுரை எழுதியவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இப்படங்களில் குழந்தையின் பார்வை உண்டு, சிறுபிள்ளைத்தனம் இல்லை என்று அவர் பிரித்துக் காட்டியது இன்றும் பொருந்தும். பெர்லின் தேசியக் காட்சியகத்துக்குச் சென்ற 5 படங்களுக்கு வேறு கதி வாய்த்தது. 1937இல் 'சீர்கெட்ட கலை' என்று நாஜி அரசு அகற்றியவற்றுள் அவையும் அடங்கும். அதே 1937இல் கல்கத்தாவில், கவிஞர் தாமே படம் வரைந்த 'காப்சாடா', 'சே' என்னும் இரு வேடிக்கை நூல்கள் வெளிவந்தன. 1976இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வமாக அறிவித்தது.

அச்சான 'பூரபி'யில் கவிதைகள் அடித்தல் திருத்தல் இன்றி வரிசையாக நிற்கின்றன. குறிப்பேட்டுப் பக்கங்களை ஒப்புநோக்கிப் பாடபேதம் தொகுக்கும் பதிப்பாசிரியர்களுக்கோ இவ்வுருவங்கள் ஓர் இடையூறு. பிற கவிஞர்களின் படிகளில் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்ட சொல்லை அடியிலிருந்து படித்துவிடலாம். இங்கே அச்சொல்லின் மேல் கனத்த மையில் ஒரு பறவை அமர்ந்திருக்கிறது.